ஒன்பதே காலுக்கு மேல்

அக்டோபர் 6, சனிக்கிழமை. பொக்காரா

என் தங்கை சுகந்தி கோரக்பூர் ஸ்டேஷனில் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்து, "தெனமும் எழுதுக்கா, பின்னால யாரு படிச்சாலும் புரியற மாதிரி எழுது" என்றாள். ஸ்கூல் டீச்சர் புத்தி, விடுமுறையிலும் வீட்டுப்பாடம். சரி, முறைப்படி ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் சிங்காநல்லூர் பெருமாள் கோயில் பஜனைக் குழு. முக்திநாத் தரிசனத்துக்கு வந்திருக்கிறோம். குழுத் தலைவர் என் வீட்டுக்காரர் வரதராஜன். நாக்பூரில் மில் மெஷின் கம்பெனியில் பல வருஷம் இருந்ததால் இந்தி தண்ணீர் பட்ட பாடு. குழுவில் வேறு யாருக்கும் இந்தி தெரியாது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் இவர் வாய்தான் எங்கள் எல்லோருக்கும் வாய்.

கோரக்பூர் வரை ரயில், அப்புறம் மலைப்பாதையில் பஸ். என் முழங்கால் இரண்டும் பன் மாதிரி உப்பிவிட்டன. புரட்டாசிச் சனிக்கிழமை என்று ஒருபொழுது இருந்துவிட்டு, ராத்திரி ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். ரசம் கேட்டதற்குத் தக்காளி சூப்பில் மிளகுத்தூள் போட்டு நீட்டினார்கள்.

இவர் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ராகு காலம் பார்ப்பதற்கென்று, வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை அட்டையோடு கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். ஹோட்டல் ரூமில் பனிமலை படம் ஒன்று மாட்டியிருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு அந்த ஆணியில் காலண்டரை மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே அதே மலை நிஜமாகவே நிற்கிறது, அதனால் பெரிய நஷ்டமில்லை.

நேபாள நேரம் நம் நேரத்துக்குக் கால் மணி முன்னால் ஓடுகிறது. சுகந்தி விடவில்லை. "மாமா, ராகு நம்மூரு டயத்துக்கு வருவாரா, இந்த ஊரு டயத்துக்கு வருவாரா?" என்று கேட்டாள். இவர் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. எதற்கும் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், முடிவில் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டால் போகிறது என்றார். நானும் அவளும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம்.

அக்டோபர் 7, ஞாயிறு

துணி துவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது, மதியமே காய்ந்துவிட்டது. இவருக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

நாளைக்கு ஜோம்சோம் என்கிற ஊருக்குச் சின்ன விமானம். அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத். விமானத்தில் எங்களில் பாதிப் பேர்தான் உட்கார முடியும், அதனால் அதே விமானம் இரண்டு தடவை போக வேண்டும். நானும் சுகந்தியும் ஒன்றாகப் போகிறோம் என்றோம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது நடையில் வயசானவர்கள் அதிகம், இங்கிலீஷ் பேச ஒரு ஆள் வேண்டும், சுகந்தி அதில் வரட்டும் என்றார். அவள் ஜன்னல் சீட் கிடைத்தால் எதில் வேண்டுமானாலும் வருகிறேன் என்றாள். அவளுக்குப் பெருமாளைவிடப் பனிமேல்தான் பக்தி.

சாயங்காலம் விமானக் கம்பெனி கவுண்டருக்கு நானும் கூடப் போனேன். முதல் நடை விடிந்ததும், இரண்டாவது ஏழரைக்கு என்றான் கவுண்டர்காரன். திங்கட்கிழமை ஏழரை என்றால் நேராக ராகு காலத்தில் போய் விழுகிறது. இரண்டாவது நடை ஒன்பதே காலுக்கு மேல்தான் என்று இவர் இந்தியில் அடித்துச் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே கையை மேலும் கீழும் ஆட்டி ஏதோ சொன்னான். கடைசியில் தலையை ஆட்டிவிட்டான். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, "காத்து கீத்துங்கறான். நாமதான் மொத்தமா ப்ளேனையே புக் பண்ணிருக்கோமல்ல" என்றார்.

இவர் பேசினால் காரியம் நடக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அக்டோபர் 8, திங்கள். ஜோம்சோம்

காலை. பெரிய பெட்டிகளையும் காலண்டரையும் ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம். திங்கட்கிழமைத் தாளை மட்டும் கிழித்து, இரண்டாவது நடைக்குப் பொறுப்பான ராமமூர்த்தியின் சட்டைப் பையில் இவர் வைத்தார். சுகந்தி கால் சில்லிடுகிறது என்றாள். என் பச்சை உல்லன் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தேன்.

நானும் இவரும் முதல் நடை. விமானம் நம் ஊர் மினி பஸ் அளவுதான். பைலட்டுக்கும் நமக்கும் நடுவில் கதவுகூட இல்லை. நான் அவருக்கு நேர் பின்னால். சின்ன வயசுப் பையன், கையில் சிவப்புக் கயிறு, புதிதாக முடி வெட்டிய கழுத்து. நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு மிட்டாயை நீட்டினார். மலை இரண்டு பக்கமும் நின்றது. ஒரு ஆட்டம் இல்லை. இறங்கும்போது ஓடுதளத்துக் கொடி துவைத்துப் போட்ட துணியாகத் தொங்கிக் கிடந்தது.

ஒன்பது மணி வாக்கில் சுகந்தி பொக்காரா ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தாள். சிரித்துப் பேசினாள். வைத்துவிட்டாள்.

சாயங்காலம். வரவில்லை.

கொடி இப்போது விறைத்துக்கொண்டு நிற்கிறது. மணல் கண்ணில் அடிக்கிறது. அவளுக்கென்று எடுத்து வைத்த இரண்டு ரொட்டி என் பையில் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 9, செவ்வாய்

தேடுகிறார்களாம். மலை முழுக்க மேகம், ஹெலிகாப்டர் கிளம்பித் திரும்பி வந்துவிட்டது.

காலையில் இவர் எல்லோரையும் கூட்டி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பெருமாளைச் சேவித்து அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம் என்றார். ஜீப் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். ராமமூர்த்தியின் அண்ணிகூட ஏறினாள். நான் வரவில்லை என்றேன். "இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். கொடியைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

சாயங்காலம் தலை ஈரத்தோடு திரும்பினார்கள். கோயிலைச் சுற்றிக் கொட்டுகிற நூற்றெட்டுத் தாரையிலும் குளித்தார்களாம். தண்ணீர் ஊசி குத்துகிற மாதிரி இருந்ததாம், தரிசனம் திவ்யமாக இருந்ததாம். என் தங்கை எந்தப் பாறை மேல் கிடக்கிறாள் என்று தெரியவில்லை, இவர்களுக்குத் திவ்யம். இவர் கையில் கொடுத்த பிரசாதத்தை ஜன்னல் கட்டையில் வைத்தேன். காற்று கொண்டு போய்விட்டது. எடுக்கப் போகவில்லை.

மாத்திரை கேட்டார். கொடுத்தேன். ஈர வேட்டியைப் பிழிந்து உலர்த்தினேன். என் கை இதையெல்லாம் தானாகவே செய்கிறது, அதன் மேலும் எனக்குக் கோபம்.

அக்டோபர் 10, புதன்

ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் உயிரோடு இல்லை.

மத்தியானம் லாட்ஜ் ஹாலில் இவர் எழுந்து நின்று பேசினார். முக்திநாத் வாசலில் உயிர் போவதற்கு ஏழு ஜன்மம் புண்ணியம் செய்திருக்க வேண்டும், அவர்கள் நேராக வைகுண்டம் போய்விட்டார்கள், நாம் அழக்கூடாது என்றார். எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். எங்கள் குழுவில் மூத்தவளான கமலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தங்கச்சி குடுத்து வெச்சவ அம்மிணி, நமக்கெல்லாம் கெடைக்குமா?" என்றாள். உங்களுக்கு வேண்டுமென்றால் திரும்பிப் போகும்போது ஜீப்பிலிருந்து குதியுங்கள் என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். ஏன் முழுங்கினேன் என்று தெரியவில்லை.

சுகந்தி வைகுண்டம் கேட்கவில்லை. அவள் கேட்டது ஜன்னல் சீட்.

ராத்திரி வெகுநேரம் கழித்து ஜீப்பில் பொக்காரா வந்து சேர்ந்தோம். பழைய ரூமே. காலண்டர் அதே ஆணியில் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து நேராகச் செவ்வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. இவர் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகச் செவ்வாயைக் கிழித்தார்.

அக்டோபர் 11, வியாழன்

ஆஸ்பத்திரி. அடையாளம் காட்டச் சொன்னார்கள். பச்சை சாக்ஸ். வேறு எதையும் இந்த நோட்டில் எழுதமாட்டேன்.

வராந்தா பெஞ்சில் என் வயசுப் பெண் ஒருத்தி சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். பைலட்டுடைய அம்மா என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், எங்கள் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. விமானக் கம்பெனி ஏற்கெனவே சொல்லிவிட்டது: வானிலையைப் பைலட் தப்பாகக் கணித்துவிட்டார். டிவியில் அந்தப் பையன் போட்டோவைப் போட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கமலம் அக்கா அவள் முன்னால் மண்ணை வாரித் தூற்றுகிற மாதிரி கையை வீசினாள். இவர் ஒரு ஓரமாக நின்று, "விடுங்க, விடுங்க, அவங்களும் பெத்தவங்கதான்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

அந்தப் பெருந்தன்மையைக் கண்டதும் எனக்கு என்ன ஆனதோ. அவரிடம் போக வேண்டிய நான் அவளிடம் போனேன். "உம் மகன்தான்டி எந்தங்கச்சியக் கொன்னான்" என்று கத்தினேன். அவளுக்குத் தமிழ் எங்கே தெரியும்? நான் துக்கம் தாங்காமல் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நகர்ந்து இடம் விட்டாள், முதுகில் தட்டிக் கொடுத்தாள், பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றி நீட்டினாள். தட்டிவிட்டேன். டீ அவள் சேலையில் கொட்டியது. அவள் மறுபடியும் ஊற்றினாள். நான் ஓடி வந்துவிட்டேன்.

ராத்திரி தாரணி போன் செய்தாள். சுகந்தியின் ஒரே மகள், ஓசூரில் வேலை. அழவில்லை, அவள் அம்மா மாதிரியே கணக்காகக் கேட்டாள். "பெரியம்மா, ஏழரைக்குக் கெளம்ப வேண்டிய ப்ளேன் ஏன் ஒம்பதரைக்குக் கெளம்புச்சு?" தெரியவில்லை கண்ணு, மேகமாக இருந்திருக்கும் என்றேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "நல்ல பதிலாச் சொன்ன" என்றார்.

நல்ல பதில்.

யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுது என்றாள். எழுதுகிறேன். திங்கட்கிழமை அவள் போனில் பேசியது இதுதான். "அக்கா, பைலட் மூணு தடவ வந்து கூப்புட்டுட்டாரு. காத்து ஆரம்பிச்சுருச்சு, இப்பப் போனாப் போலாம், இல்லீன்னா நாளைக்குத்தாங்கறாரு. காசு குடுத்தவங்க சொல்ற நேரத்துக்குத்தான் ஓட்டோணும்னு கவுண்டர்ல இருக்கறவன் அவரத் திட்டறான். ராமமூர்த்தி அண்ணா காலண்டர் பேப்பரக் கைல வெச்சுட்டு ஏற உடமாட்டீங்கறாரு. மாமா சொன்னாத்தான் கேப்பாராமா. ஒரு வார்த்த சொல்லச் சொல்லேன்."

போனை இவரிடம் கொடுத்தேன். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "பைலட்டுக்கு என்னம்மா தெரியும், சின்னப் பையன். இத்தன நேரம் இருந்தீங்க, இன்னும் கொஞ்ச நேரம். ஒம்பதே காலுக்கு மேல ஏறுங்க, பெருமாள் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நானும் அவளிடம், கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி என்றுதான் சொன்னேன். "சேரி, உங்கூட்டு ராகு போனதும் வர்றேன்" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

ஏறாதீர்கள், நாளைக்கு வாருங்கள் என்று இவர் சொல்லியிருந்தால்கூடப் போதும். அதுவும் சொல்லவில்லை. மறுநாள் வந்தால் ஜீப் ஏற்பாடு தப்பிப் போகும். ராகுவும் தவற வேண்டும், ஜீப்பும் தவறக்கூடாது.

அக்டோபர் 12, வெள்ளி

காலையில் காலண்டரில் வெள்ளிக்கிழமை. ராகு பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதிகாரி எங்களைப் பத்து மணிக்கே வரச் சொன்னதில் இவருக்கு நிம்மதி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார், நெற்றிக்கு இட்டுக்கொண்டார். பட்டன் அறுந்திருந்தது. நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலேயே ஒரு ரூமில் விசாரணை. கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்தில் எழுதுகிற ஆள், சுவர் ஓரமாக அந்தக் கவுண்டர்காரன். எங்கள் பக்கம் பேசுகிற வாய் இவர் வாய்தான். அதிகாரி இந்தியில் கேட்டார், இவர் இந்தியில் சொன்னார், எங்களுக்குத் தமிழில் விளக்கினார். பயணிகள் நேரத்துக்கே தயாராக இருந்தார்கள், தாமதம் கம்பெனியுடையது. கவுண்டர்காரன் சொன்னது: மேகத்துக்காக பைலட்தான் காத்திருந்தார், அப்புறம் அவராகவே கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் கண்ணோடு கண் பார்க்காமலேயே எவ்வளவு ஒற்றுமை! எல்லாப் பழியையும் பேச முடியாதவன் தலையில் கட்டி ஆயிற்று. மூன்று தடவை வந்து கூப்பிட்டவன் தலையில்.

கிளம்புவதற்கு முன் பயணிகளிடம் யாராவது போனில் பேசினீர்களா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவர் எங்களுக்கு அதைத் தமிழில் சொல்லவேயில்லை, இல்லை என்று தலையாட்டினார். கேள்வியில் போன் என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது. அதற்கெல்லாம் நாக்பூர் போக வேண்டியதில்லை. நான் கையைத் தூக்கினேன்.

பேசினேன். நேற்று எழுதியதை எல்லாம் சொன்னேன், பைலட் வந்தது, கவுண்டர்காரன் திட்டியது, தாள், எல்லாம். ரொம்ப நேரம் பேசியிருப்பேன். முடித்ததும் இவர் அதிகாரியிடம் திரும்பி நாலு வார்த்தை சொன்னார். நாலே வார்த்தை. அதில் ஒன்று 'குஷ்'. அது எனக்குத் தெரியும், டிவியில் கேட்டிருக்கிறேன். தங்கை சந்தோஷமாக இருந்தாளாம்.

"நாஞ் சொன்னது இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன்.

"வெளிய போய்ப் பேசிக்கலாம் பத்மா. எல்லாரும் பாக்கறாங்க."

முப்பத்தொரு வருஷம் நான் வெளியே போய்த்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கடையில், கல்யாண வீட்டில், பேங்கில், எங்கேயும் உள்ளே பேசியதில்லை. எழுந்து மேஜைப் பக்கம் போனேன். என் புருஷனைக் கையால் சுட்டிக் காட்டினேன். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "ராகு காலம்" என்றேன்.

அதிகாரி எழுதுகிற ஆளைக் கை காட்டி நிறுத்தினார். "ராகு கால்?" என்றார்.

"ராகு காலம். ஒன்பதே கால்" என்று விரலை மடக்கிக் காட்டினேன். "பைலட்... மூணு தடவ" என்று மூன்று விரலைக் காட்டி, கூப்பிடுகிற மாதிரி கையை அசைத்தேன். மறுபடியும் இவரைக் காட்டினேன். அந்த ரூமில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ராகுவை அவர்களுக்கும் தெரியும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கவுண்டர்காரனைப் பார்த்து அவர்கள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் முதலில் தரையைப் பார்த்தான். பிறகு கைகட்டிக்கொண்டு, நெடுநேரம், நடுநடுவே இவரைக் கை காட்டிக் காட்டிப் பேசினான். எழுதுகிற ஆள் எல்லாவற்றையும் எழுதினான்.

 எனக்குத் தெரிந்து இந்தி பேசுகிற இடத்தில் இவர் வாய் மூடியிருந்தது இன்றைக்குத்தான்.

வெளியே வந்தேன். அந்த அம்மா அதே பெஞ்சில், அதே பிளாஸ்குடன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் மகன் எனக்கு மிட்டாய் கொடுத்ததைச் சொல்லத் தெரியவில்லை. டீ கொடுத்தாள். ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

கமலம் அக்கா என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கட்டினவனைக் கூட்டத்தில் காட்டிக் கொடுத்தவளாம் நான். போகட்டும், வைகுண்டத்தில் எனக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆற்றங்கரையில் தகனம் முடிந்தது. வந்ததும் தாரணிக்குப் போன் செய்து சொன்னேன். நேற்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். போன் வந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அப்புறம், "பெரியப்பாகிட்ட போனக் குடுங்க" என்றாள். நீட்டினேன். இவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைத் தாரணியும் கேட்டாள்.

மாத்திரை எங்கே என்று பிறகு கேட்டார். பையில் இருக்கும் என்றேன்.

அக்டோபர் 13, சனிக்கிழமை

கடைசிப் புரட்டாசிச் சனி. ஒருபொழுது இல்லை. காலையிலேயே இரண்டு ரொட்டி தின்றேன்.

கோரக்பூருக்கு வேன். சுகந்தியின் அஸ்திச் சொம்பை என் சிவப்புத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள எடுத்துக்கொண்டேன். காலண்டரை யாரும் கழற்றவில்லை. சனிக்கிழமைத் தாளில் கறுப்பு எழுத்தில் இருந்தது, ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

வேன் வந்தபோது ஒன்பதே கால். குழுவில் யாரும் இவரிடம் கேட்கவில்லை, யாரும் இவரைப் பார்க்கவுமில்லை. வாசலில் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் கேமராவோடு நின்றிருந்தார்கள்.

சொல்லுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துக் கிளம்பலாம் என்று இன்றைக்கும் சொல்லுவார், எல்லோர் முன்னாலும் காறித் துப்பலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையாவது நிஜமாக இருக்கட்டும், அவராலேயே மீற முடியாததாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன் போல.

துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு முதலில் ஏறி உட்கார்ந்தது இவர்தான். ஜன்னல் சீட்டில்.